4,379: நம் தொகுதியின் கழித்தல் கணக்கு

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் முடிவானது நம் விருதுநகர்த் தொகுதி. காங்கிரஸ் வேட்பாளர் மாணிக்கம் தாகூர் 3,85,256 ஓட்டு. தே.மு.தி.க. வேட்பாளர் விஜய பிரபாகரன் 3,80,877 ஓட்டு. வித்தியாசம் 4,379. அதே நாளில் திருவள்ளூரில் அதே காங்கிரஸ் கட்சியின் சசிகாந்த் செந்தில் 5,72,155 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே நாள். ஒரு பக்கம் ஐந்தே முக்கால் லட்சம், இன்னொரு பக்கம் நாலாயிரத்துச் சொச்சம்.

ஜூன் 4-ஆம் தேதி ராத்திரி வரை நம் ஊரில் பலர் டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். "தாகூருக்கு ஊருக்குள்ள செல்வாக்குப் போச்சு" என்றார் ஒருவர். "கேப்டன் இறந்த அனுதாபம்தான் இவ்வளவு தூரம் கொண்டாந்துச்சு" என்றார் இன்னொருவர். "போன தடவை ஒன்றரை லட்சம், இந்தத் தடவை நாலாயிரம். அவ்வளவுதான் சார் மரியாதை" என்றார் மூன்றாமவர்.

நான் முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். வேலையில் இருந்தவரை எல்லாத் தேர்தலுக்கும் வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவன். தேர்தல் முடிவுகளை டைரியில் குறித்துவைக்கிற பழக்கம் இன்றும் விடவில்லை. அந்த டைரிகளைப் புரட்டிப் பார்த்தபோது தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

வித்தியாசம் என்பது ஒரு கழித்தல் கணக்கு. கழித்தலில் இரண்டு எண்கள் உண்டு. மேலே இருப்பது ஜெயித்தவரின் எண், கீழே இருப்பது தோற்றவரின் எண். நாம் விடையை மட்டும் பார்த்துவிட்டு, அது முழுக்க மேலே இருப்பவரைப் பற்றியது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் தொகுதியின் எழுபது வருஷ வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

விருதுநகருக்கு முன்னால்

விருதுநகர் என்ற பெயரில் மக்களவைத் தொகுதி வந்ததே 2009-இல்தான். 1967 முதல் 2004 வரை அது சிவகாசித் தொகுதி. அதற்கும் முன்னால், 1952 முதல் பொதுத் தேர்தலில், நம் பக்கத்து ஊர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி. அங்கிருந்து டில்லிக்குப் போனவர் காமராஜர். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் கோயம்புத்தூர் விஞ்ஞானி ஜி.டி. நாயுடு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1954-இல் முதலமைச்சரானதும் காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போனார். 1957-இலும் 1962-இலும் அவர் சட்டமன்றத்துக்கு நின்றது நம் சாத்தூரில்.

1957-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் மக்களவைக்கு ஜெயித்தவர் முத்துராமலிங்கத் தேவர். அதே தேர்தலில் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஜெயித்தார். சட்டமன்ற இடத்தை விட்டுவிட்டு மக்களவையை வைத்துக்கொண்டார். 1962-இல் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் மறுபடி ஜெயித்தார். உடல் நலிந்திருந்த காலம் அது. 1963 அக்டோபர் 30-இல் மறைந்தார்.

ஆக, பத்து வருஷத்துக்குள் இந்த மண்ணிலிருந்து மக்களவைக்குப் போன இரண்டு பேர் அரசியலில் நேர் எதிரிகள். அதே கரிசல் மண், பெரும்பாலும் அதே ஊர்கள். நம் ஆட்கள் எந்தக் கட்சிக்கும் பட்டா எழுதிக் கொடுத்ததில்லை என்பதை அப்போதே காட்டிவிட்டார்கள்.

1,285

நம் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த தேர்தல் எண் ஒன்றே ஒன்றுதான். 1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் காமராஜர் தோற்றது. தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 33,421 ஓட்டு. காமராஜர் 32,136 ஓட்டு. வித்தியாசம் 1,285.

எனக்கு அப்போது பதினான்கு வயது. முடிவு தெரிந்த அன்று தெருவில் இரண்டு விதமான வீடுகள் இருந்தன. ஒரு வீட்டில் வெடி. அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. எங்கள் வீடு இரண்டாவது வகை. என் அப்பா ராத்திரி முழுக்கத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் ஓட்டுப் போட்டிருந்தார். ஆனால் எங்கள் சொந்தத்திலேயே நாலைந்து பேர், "ஐயா ஜெயிக்கிறதுக்கு நம்ம ஓட்டு ஒண்ணு என்னத்துக்கு?" என்று கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தவர்கள். அதை அப்பா கடைசி வரை அவர்களிடம் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1,285 ஓட்டில் தோல்வி என்றால், எதிர்ப்பக்கம் போட்ட 643 பேர் இந்தப் பக்கம் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். அறுநூற்று நாற்பத்து மூன்று பேர் என்பது ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள். நேருவுக்குப் பின் இரண்டு பிரதமர்கள் வரக் காரணமாக இருந்த, அகில இந்திய காங்கிரஸ் தலைவராக இருந்த ஒரு மனிதரின் வெற்றி தோல்வி அந்தப் பள்ளிக்கூடத்து அளவுக்குள் அடங்கிவிட்டது.

அதே காமராஜர் இரண்டு வருஷம் கழித்து, 1969 ஜனவரியில், நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்றார். ஜெயித்த வித்தியாசம் 1,28,201. 1-2-8 என்று தொடங்குகிற அதே இலக்கங்கள், ஆனால் நூறு மடங்கு. பிறந்த ஊரில் ஆயிரத்துச் சொச்சத்தில் தோற்றவர், குமரி மாவட்டத்தில் லட்சத்துக்கு மேல் ஜெயித்தார். இரண்டு வருஷத்தில் காமராஜரின் நேர்மை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் கட்டிய பள்ளிக்கூடங்களும் அணைகளும் 1967-இலும் இருந்தன, 1969-இலும் இருந்தன. 67-இல் அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புக் கோபம், எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்று சேர்ந்த கூட்டணி ஆகியவை எதிரே நின்றன. நாகர்கோவில் வேறு மண், வேறு காலம். மாறியது கழித்தலின் கீழ் எண்.

சிவகாசித் தொகுதியின் நாற்பது வருஷம்

அதே 1967-இல் புதிதாக வந்த சிவகாசி மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் சுதந்திராக் கட்சியின் பி. ராமமூர்த்தி. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி அப்போது அண்ணாவோடு கூட்டணி. 1971-இல் காங்கிரஸின் வி. ஜெயலட்சுமி, இந்திரா காங்கிரஸ் அப்போது தி.மு.க.வோடு. 1977-இல் மறுபடியும் அதே அம்மா. இந்தத் தடவை காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு. ஒரே வேட்பாளர், எதிரெதிர் கூட்டணிகள், இரண்டு வெற்றி. அந்த வருஷம் சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நம் அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சரானார் என்பது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1980 சிவகாசியின் தனிக்கதை. தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து தமிழ்நாட்டையே வாரிக்கொண்டு போன தேர்தல் அது. 39-இல் 37 இடம் அந்தக் கூட்டணிக்கு. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு: ஒன்று கோபிச்செட்டிபாளையம், இன்னொன்று சிவகாசி. இங்கே ஜெயித்தவர் என். சௌந்தரராஜன். ஊரெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தபோது நம் தொகுதி சாயவில்லை. 1984-இலும் அவரே ஜெயித்தார். 1989-இல் கா. காளிமுத்து, 1991-இல் கனக. கோவிந்தராஜுலு, இருவரும் அ.தி.மு.க. 1996-இல் அலை திரும்பியது. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் வி. அழகிரிசாமி டில்லிக்குப் போனார்.

அந்த 1996-இல் வைகோ சிவகாசி மக்களவை, விளாத்திகுளம் சட்டமன்றம் என்று இரண்டு இடத்திலும் நின்றார். இரண்டிலும் தோல்வி. விளாத்திகுளத்தில் தோற்ற வித்தியாசம் 634. நம் பக்கத்தில் அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு ஏதோ ஒரு ராசி உண்டு போலும்!

அதற்குப் பின்னால் பதினாறு வருஷம் வைகோவின் கதைதான் இந்தத் தொகுதியின் கதை. 1998-இல் ஜெயலலிதாவோடு கூட்டணி வைத்து ஜெயித்தார். அடுத்த வருஷமே மறுதேர்தல். 1999-இல் கருணாநிதியோடு கூட்டணி வைத்து ஜெயித்தார். 2002 ஜூலையில் பொடா சட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் 19 மாதம் இருந்தார். அந்தக் காலம் முழுக்க சிவகாசியின் எம்.பி. சிறைக்குள் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. 2004-இல் அவர் நிற்கவில்லை. அவர் கட்சியின் ஏ. ரவிச்சந்திரன் தி.மு.க., காங்கிரஸ் கூட்டணியில் நின்று ஜெயித்தார்.

நான்கு தேர்தல், நான்கு கணக்கு

2008-இல் தொகுதி மறுசீரமைப்பு வந்தது. சிவகாசி என்ற பெயர் மக்களவைப் பட்டியலிலிருந்து போயிற்று. சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய நான்கோடு மதுரை மாவட்டத்தின் திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் சேர்ந்து புதிய விருதுநகர்த் தொகுதி ஆனது. நம் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசியோடு இருக்கின்றன. திருச்சுழி ராமநாதபுரத்தோடு. ஒரு மாவட்டத்துக்கு மூன்று எம்.பி.க்கள்.

2009: காங்கிரஸ் மாணிக்கம் தாகூர் 3,07,187. ம.தி.மு.க. வைகோ 2,91,423. வித்தியாசம் 15,764. முப்பது வயதுகளில் இருந்த இளைஞர் காங்கிரஸ்காரர், நாடறிந்த ஒரு பேச்சாளரை வீழ்த்திவிட்டார் என்று டில்லி வரை பேசினார்கள். கீழே இன்னொரு வரி உண்டு. தே.மு.தி.க.வின் மாஃபா பாண்டியராஜன் 1,25,229 ஓட்டு வாங்கியிருந்தார். வைகோவின் எண்ணையும் அவர் எண்ணையும் கூட்டினால் 4,16,652. ஜெயித்தவரை விட ஒரு லட்சத்துக்கும் மேல் அதிகம்.

2014: தி.மு.க., காங்கிரஸ் கூட்டு உடைந்தது. எல்லோரும் தனித்தனி. அ.தி.மு.க.வின் டி. ராதாகிருஷ்ணன் 4,06,694 ஓட்டு வாங்கி 1,45,551 வித்தியாசத்தில் ஜெயித்தார். பா.ஜ.க. கூட்டணியில் நின்ற வைகோ 2,61,143 பெற்று இரண்டாமிடம். தி.மு.க.வின் ரத்தினவேலு 2,41,505. சிட்டிங் எம்.பி. மாணிக்கம் தாகூர் எத்தனை? 38,482. பதிவான செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காதவருக்கு டெபாசிட் திரும்பாது. ஐந்து வருஷம் எம்.பி.யாக இருந்தவருக்கு டெபாசிட் போயிற்று.

2019: மறுபடி தி.மு.க., காங்கிரஸ் சேர்ந்தன. மாணிக்கம் தாகூர் 4,70,883. அ.தி.மு.க., பா.ஜ.க. அணியில் தே.மு.தி.க.வின் அழகர்சாமி 3,16,329. வித்தியாசம் 1,54,554. டெபாசிட் இழந்தவர் ஐந்தே வருஷத்தில் ஒன்றரை லட்சத்தில் ஜெயித்தார். அ.ம.மு.க. தனியாக நின்று ஒரு லட்சத்துக்கு மேல் பிரித்ததும் அதில் உண்டு. இதில் ரசமான விஷயம் ஒன்று: 2009-இல் எதிர்த்து நின்ற வைகோ இந்தத் தடவை அதே கூட்டணி.

2024: அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பிரிந்தன. அ.தி.மு.க. அணியில் விஜய பிரபாகரன் 3,80,877. பா.ஜ.க.வில் நடிகை ராதிகா சரத்குமார் 1,66,271. நாம் தமிழர் கட்சி 77 ஆயிரத்துக்கு மேல். மாணிக்கம் தாகூர் ஜெயித்தது 4,379-இல். அ.தி.மு.க. அணி ஓட்டையும் பா.ஜ.க. ஓட்டையும் காகிதத்தில் கூட்டினால் 5,47,148 வரும். ஜெயித்தவரை விட 1,61,892 அதிகம். ஓட்டு என்பது அப்படியே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றுகிற தண்ணீர் இல்லை என்று எனக்கும் தெரியும். இரண்டு கட்சி சேர்ந்தால் இரண்டு கட்சிக்காரர்களிலும் கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். இருந்தாலும், சேர்ந்து நின்றிருந்தால் அந்தப் பந்தயம் வேறு பந்தயம்.

விஜயகாந்த் பிறந்த ராமானுஜபுரம் அருப்புக்கோட்டைப் பக்கம். 2023 டிசம்பர் 28-இல் அவர் மறைந்த நாலாவது மாதத்தில் அவர் மகன் அப்பாவின் சொந்த மண்ணில் ஓட்டுக் கேட்டார். அந்தப் பாசம் எத்தனை ஓட்டு என்று யாரும் அளக்க முடியாது. ஆனால் பாசம் மட்டுமே 3,80,877 ஆகாது. வாக்கு எண்ணிக்கையில் குறை இருந்தது என்று தே.மு.தி.க. தேர்தல் ஆணையத்திடம் முறையிட்டது, பின்னர் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கும் தொடுத்தது. வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருந்தால் தோற்றவருக்குத் தூக்கம் வராது. அது இயற்கை.

இந்த நான்கு தேர்தல்களிலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜெயித்தவர் வாங்கிய ஓட்டு நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால், ஏறத்தாழ 36-க்கும் 44-க்கும் நடுவில்தான் எப்போதும். ஒரு தடவை கூடப் பாதியைத் தொடவில்லை. ஒன்றரை லட்சத்தில் ஜெயித்த 2019-இலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு யாருக்கோதான் போட்டிருந்தார்கள். மேல் எண் கொஞ்சம்தான் அசைகிறது. கீழ் எண்தான் ஊஞ்சலாடுகிறது. வித்தியாசம் மட்டும் நாலாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை குதிக்கிறது.

கீழ் எண்ணே காணாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்து இந்தூரைப் பாருங்கள். 2024-இல் அங்கே காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார். பா.ஜ.க.வின் சங்கர் லால்வானி 11,75,092 வித்தியாசத்தில் ஜெயித்தார். நாட்டிலேயே அதுதான் அதிகம். இரண்டாமிடம் யாருக்கு? 'நோட்டா'வுக்கு, இரண்டு லட்சத்துக்கு மேல். அதே தேர்தலில் மும்பை வடமேற்கில் 48 ஓட்டில் ஒருவர் எம்.பி. ஆனார். இருவருக்கும் மக்களவையில் ஒரே அளவு நாற்காலி, ஒரே ஒரு ஓட்டு.

ஒரே நாள், இரண்டு பொத்தான்

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2019 ஏப்ரல் 18-இல் மக்களவைத் தேர்தலோடு சாத்தூர் சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலும் நடந்தது. பதினெட்டு எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் ஆனதால் வந்த தேர்தல். சாத்தூர் வாக்காளர் ஒருவர் உள்ளே போய், விரலில் மை வைத்துக்கொண்டு, ஒரு எந்திரத்தில் மக்களவைக்கும் அடுத்த எந்திரத்தில் சட்டமன்றத்துக்கும் பொத்தானை அழுத்தினார். அரை நிமிஷ வேலை.

மக்களவையில் தி.மு.க. கூட்டணி தொகுதி முழுக்க ஒன்றரை லட்சத்தில் ஜெயித்தது. சாத்தூர் சட்டமன்றத்தில் அ.தி.மு.க. ஐந்நூறுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தது. டில்லிக்கு ஒரு மனசு, கோட்டைக்கு இன்னொரு மனசு. நம் ஆட்கள் சின்னம் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவர்கள் என்று பேசுகிற பட்டணத்துக்காரர்கள் சாத்தூரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

எந்தத் தொகுதிக்கும் எம்.பி. வேண்டும்தான். ஆனால் நம் தொகுதிக்கு எம்.பி. வேண்டியிருப்பது வேறு மாதிரி. சிவகாசியில் பட்டாசு ஆலை நடத்துகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "டி.ஆர்.ஓ. லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, நாக்பூர் லைசென்ஸா?" என்றுதான் பேச்சே தொடங்கும். வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருக்கிறது. வெடிபொருள் சட்டம் மத்திய அரசின் சட்டம். ஜி.எஸ்.டி. வந்தபோது பட்டாசுக்கு 28 சதவீதம் போட்டு, சில மாதத்தில் 18-ஆகக் குறைத்தது குவாஹாட்டியில் கூடிய கவுன்சில். தீப்பெட்டித் தொழிலைத் தின்றுகொண்டிருந்த மலிவு விலை லைட்டர்களை, 20 ரூபாய்க்குக் கீழானவற்றை, இறக்குமதி செய்யத் தடை விதித்தது 2023 ஜூனில் மத்திய அரசு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் நூறு வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்த தொழிலின் கடிவாளம் இன்றும் வடக்கேதான் இருக்கிறது.

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. அதற்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வெம்பக்கோட்டை, ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் காலையில் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி வண்டிகள் ஓடாத நாட்கள் அவை. நகை அடகுக்கடையில் கூட்டம், மளிகைக் கடையில் கடன். அந்தக் கோபமும் கவலையும் 2019 ஓட்டுப் பெட்டிக்குள் போயிருக்கும்.

விபத்துகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது உயிர் போயிற்று. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். செத்தவர்கள் எல்லோரும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்கள், அல்லது அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். ஆய்வாளர்களை நியமிப்பது, ஆலைகளைச் சோதிப்பது, உள்குத்தகையைத் தடுப்பது, ஒரு அறையில் இத்தனை பேர்தான் என்ற விதியைக் காப்பாற்றுவது என்று மத்திய அரசு, மாநில அரசு இரண்டின் வேலையும் இதில் பின்னிக் கிடக்கிறது. இதற்காக நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்கிறவர் நமக்கு வேண்டும். அவர் ஒன்றரை லட்சத்தில் ஜெயித்தாரா, நாலாயிரத்தில் ஜெயித்தாரா என்று சபாநாயகர் கேட்கப்போவதில்லை.

அப்படியானால் வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அது ஜெயித்தவருக்குக் கொடுக்கிற மார்க் இல்லை. அடுத்த தேர்தலுக்கு விடுக்கிற எச்சரிக்கை. பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தவர் கூட்டணிக் கணக்கை நம்பி ஐந்து வருஷம் தூங்கலாம். நாலாயிரத்தில் ஜெயித்தவரால் முடியாது. முதலிப்பட்டிக்கும் போக வேண்டும், திருப்பரங்குன்றத்துக்கும் போக வேண்டும். தோற்றவரும் ஊரை விட்டுப் போக மாட்டார், அடுத்த தடவைக்குக் காத்திருப்பார். இருவரும் நம் வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். வாக்காளனுக்கு இதைவிட நல்ல நிலைமை எது? நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, சொந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: நம் மாதிரி தொழில் நடக்கிற ஊருக்குக் குறைந்த வித்தியாசம்தான் நல்லது.

இரண்டு பேர்

வேலையில் இருந்த கடைசி மக்களவைத் தேர்தலில், 2009-இல், எனக்கு ஒரு பட்டாசுக் கிராமத்து வாக்குச்சாவடி. சட்டப்படி சம்பளத்தோடு விடுமுறை. பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சட்டம் எவ்வளவு தூரம் எட்டும் என்று உங்களுக்கே தெரியும். மத்தியானத்துக்கு மேல் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள் ஏறியிருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாதாம். மை வைக்கிற அலுவலர் விரலைத் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டியிருந்தது. அதில் வயதான ஒரு அம்மா, "நல்லா அழுத்தி வைங்க சார், இதுவும் போகாம இருக்கட்டும்" என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

2024-இல் நம் தொகுதியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். வித்தியாசம் 4,379. அதில் பாதி, 2,190 பேர், மாற்றிப் போட்டிருந்தால் விஜய பிரபாகரன் எம்.பி. ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கு. ஒரு கம்பெனி வண்டியில் ஏறுகிறவர்களில் ஒருவர் கூட இல்லை, நாலைந்து தெருவுக்கு இரண்டு பேர். இதே தொகுதியில் நாலரை லட்சம் பேர் வரை அன்றைக்கு ஓட்டுச்சாவடிப் பக்கமே வரவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் பேரன் இந்த வருஷம் பதினெட்டு முடிக்கிறான். பட்டியலில் பெயர் சேர்க்க ஆறாம் எண் படிவம் கொடுத்தாயிற்று. யாருக்குப் போட வேண்டும் என்று நான் அவனிடம் சொல்லப்போவதில்லை, அது அவன் பாடு. 1,285, 634, 4,379 என்ற மூன்று எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றும் நம் பக்கத்து எண்கள் என்று சொன்னேன். பாதியாக வகுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.